பிள்ளைப்பேறும் மருத்துவமும்



வானொலியில் வைத்தியம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வைத்தியர்களே. நானோ வைத்தியனல்லன். கலைப்பட்டம் பெற்று, ஆசிரியத் தொழிலிற் புகுந்து, இப்பொழுது அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். மருந்து இன்னது, அளவு இவ்வளவு என்று விதிக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும், ஊரார் வாய்திறந்து பேசக் கூசும் ஒரு பொருளைப் பற்றிச் சாதாரண மனிதன் ஒருவன் சாதாரண மக்களுடன் பேசுவதிலும் ஒரு பயன் உண்டு. மணமாகி ஆண்டுகள் சில சென்றும் பிள்ளைப்பேறு வாய்க்காத கணவனும் மனைவியும் மருத்துவத்தின் துணையை எவ்வாறு நாடுதல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. அரசமரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்பது அது. செய்த செயலுக்கு உடனே பலன் தேடும் அவசரக்காரரை எள்ளுதற்காக இதனைக் கூறுகின்றோம். ஆனால் அப்பழமொழியைச் சற்று நின்று நோக்குங்கள். மரத்தைச் சுற்றுகின்றவள் பெண். நகைப்புக்கு ஆளாகின்றவளும் பெண். அவளுடைய கணவன் அவ்வேளையில் எங்கிருந்தான்? பழமொழி அதுபற்றி ஒன்றுங் கூறவில்லை. 'மலடி' என்ற சொல் நம் நாவில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றது. 'மலடன்' என்றொரு சொல் அகராதியிற் கிடக்கின்றது. தெருவில் அதனை நாம் கேட்பதில்லை. வைத்தியர் ஆராய்ந்து கூறவேண்டிய முடிவை நம் பேச்சு வழக்கே முன்கூட்டிக் கூறிவிடுகின்றது.

நம் பழங்கதைகளோ இதனினும் நேர்மையானவை. இராமகாதையில் தசரதனுக்குத் தேவியர் மூவர். மூவர்க்கும் பிள்ளையில்லை. ஆயினும் அம்மூவரையும் குறைகூறுவார் அக்கதையில் ஒருவருமிலர். மன்னன் தன் ஆசானாகிய வசிட்டரிடம் சென்று, பிள்ளையில்லாத் துயரைத் தன் துயராகவே கூறுகின்றான். கலைக்கோட்டு முனிவரை அழைப்பித்து வேள்வி இயற்றுகின்றான். வேள்வியிற் கிடைத்த அமுது அதன் பின்னரே தேவியரைச் சேருகின்றது. குறையைத் தன்மேல் ஏற்று முதலடி எடுத்துவைத்தவன் கணவனே. வேள்வியின் பயன் பற்றி இன்று நாம் எவ்வாறு எண்ணினும், அந்த முதலடியின் பண்பை மறத்தல் ஆகாது.

பெண்ணை நிலமென்றும் ஆணை வித்தென்றும் கூறுவது உலகெங்கும் பழைய வழக்கம். அவ்வுவமையையே எடுத்துக்கொள்வோம். வயலிற் பயிர் முளைக்கவில்லையென்றால் நம் விவசாயி நிலத்தை மட்டுமா நோவான்? விதைநெல்லை நீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, நல்ல மணியைத் தேர்ந்த பின்னரன்றோ அவன் வயலிலேயே இறங்குகின்றான்! வித்தையும் பார், நிலத்தையும் பார், நீரையும் பருவத்தையும் பார் என்பதே வேளாண்மையின் அறிவு. இதே அறிவு வீட்டுக்குள் வரும்போது மட்டும் நம்மைவிட்டு நீங்கிவிடுகின்றது.

உண்மையில் வித்தென்றும் நிலமென்றும் பிரித்துக் கூறுவதே பொருந்தாது என்பதை விஞ்ஞானம் மெல்ல மெல்லக் கண்டறிந்தது. ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக், தாமே கடைந்த வில்லையினூடாக ஆணின் விந்தணுக்கள் நீந்துவதைக் கண்டது 1677ஆம் ஆண்டில். பாலூட்டி இனத்தின் சூல்முட்டையை வொன் பேயர் என்னும் அறிஞர் கண்டறிந்தது 1827இல். இவ்விரண்டிற்குமிடையே 150 ஆண்டுகள் கழிந்தன. விந்தணு ஒன்றின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாய்க் கலப்பதை, கடல்வாழ் சிற்றுயிர் ஒன்றின் முட்டையில், ஒஸ்கார் ஹேர்ட்விக் கண்டு விளக்கியது 1876இல். ஒரு பிள்ளையின் உருவாக்கத்தில் தாய்க்கும் தந்தைக்கும் பங்குண்டு, அப்பங்கு பாதிக்குப் பாதி என்பது தெளிவாகி ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது.

நமது நாட்டிலும் மகப்பேற்று வைத்தியம் நீண்ட வரலாறு உடையது. யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலை 1857ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளியிட்டார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. பிள்ளை பெறும் தாயைக் காக்கும் கலை இவ்வாறு நம்மிடையே வேரூன்றியது. பிள்ளை வாய்க்காதவருக்கோ அந்நாளைய வைத்தியத்தால் இயன்றது சொற்பமே. அந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. மாறாதிருப்பது நம் தயக்கம் ஒன்றுதான்.

இக்குறை எத்துணைப் பேருக்கு உண்டு? உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ 17.5 வீதத்தினர், அதாவது ஆறு பேரில் ஒருவர், தம் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இக்குறைக்கு ஆளாகின்றனர். செல்வ நாடு, வறிய நாடு என்ற பெரிய வேறுபாடு இதில் இல்லை. ஆதலால், ஒரு திருமண வீட்டுப் பந்தலில் நாம் அமர்ந்திருக்கும்போது, நம் வரிசையிலேயே இத்துயரைச் சுமந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடந்தான் நாம், 'இன்னும் ஒன்றுமில்லையோ?' என்று கேட்டுவிட்டுப் பாயசம் அருந்துகின்றோம்.

எப்பொழுது வைத்தியரை நாடுவது? கருத்தடை முறை எதுவுமின்றி, இடையறாத இல்லறத் தொடர்புடன் பன்னிரண்டு மாதம் வாழ்ந்தும் கருத்தரிக்காவிடின், அதனையே வைத்தியர் மகப்பேறின்மை என்பர். மணமான தம்பதியரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் முதலாண்டுக்குள் கருவுறுவர். எனவே மணமாகி நான்காம் மாதத்திலேயே கலங்குவதற்குக் காரணமில்லை. ஆறாண்டு காத்திருப்பதற்கும் காரணமில்லை. மனைவியின் வயது 35ஐத் தாண்டியிருப்பின் ஆறு மாதமே எல்லை. மாதவிடாய் ஒழுங்கற்று வருதல், முன்னர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருத்தல், வளர்ந்த பருவத்தில் கணவனுக்குக் கூவைக்கட்டு வந்து விதைகள் வீங்கியிருத்தல் முதலிய நிலைகளில் ஆறு மாதமும் பொறுத்திராது ஆலோசனை பெறுதல் நன்று.

வயதை ஏன் இவ்வாறு வற்புறுத்துகின்றோம்? ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாய்த் தோன்றுகின்றன. பெண்ணுக்கோ, வாழ்நாள் முழுவதற்கும் உரிய முட்டைகள் அவள் பிறக்கும்போதே சூலகத்தில் அமைந்துவிடுகின்றன. பிறப்பில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டனவாயுள்ள அவை, பூப்பெய்தும் பருவத்தில் மூன்று நான்கு இலட்சமாகக் குறைகின்றன. அவற்றுள்ளும் நானூறு, ஐந்நூறு அளவே முதிர்ந்து வெளிவருவன. முப்பத்தைந்துக்குப் பின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. எந்த மருந்தாலும் அவற்றைப் புதிதாகப் படைத்தல் இயலாது. பணம் செலவானால் மீண்டும் ஈட்டலாம். இதில் செலவாகும் காலம் அத்தகையதன்று.

பருவம் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய வைத்தியர் கியூசாக்கு ஒகினோ 1924இல் வெளியிட்ட ஆராய்ச்சியினால் ஓர் உண்மை தெளிவாயிற்று. சூல்முட்டை வெளிவருவது, வரவிருக்கும் மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னர் என்பதே அவ்வுண்மை. பதினான்காம் நாள் என்று பலரும் பொதுவாகக் கூறுவது இருபத்தெட்டு நாள் ஒழுங்குடையவர்க்கே பொருந்தும். முப்பத்தைந்து நாளுக்கொருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு அந்நாள் ஏறக்குறைய இருபத்தோராம் நாளாகும். வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் வாழாது. விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள்வரை வாழவல்லது. ஆகையால் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரித்தற்குரிய பருவம். தொழில் நிமித்தம் கணவன் கொழும்பிலும் மனைவி ஊரிலுமாக வாழ்ந்து, மாதத்தில் ஒரு முறை சந்திக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுட் சிலருக்கு மருந்தினும் முதலில் வேண்டுவது இந்த நாட்கணக்கே.

இனிச் சோதனைகளைப் பற்றிக் கூறுவேன். இங்கேதான் நான் சொல்லவந்த செய்தியின் உயிர்நிலை இருக்கின்றது. மகப்பேறின்மைக்குரிய காரணங்களை ஆராய்ந்தால், ஆணின் குறை தனித்தோ பெண்ணின் குறையுடன் சேர்ந்தோ ஏறக்குறையப் பாதித் தம்பதியரிடம் காணப்படுகின்றது. இவ்வாறிருக்க, எந்தச் சோதனையை முதலிற் செய்வது முறை? ஆணுக்குரியது விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுத் தந்த மாதிரியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பர். ஊசியில்லை, மயக்கமருந்தில்லை, கத்தியில்லை, செலவும் சொற்பமே. பெண்ணுக்குரிய சோதனைகளோ பல. இரத்தத்தில் ஓமோன்களை அளத்தல், ஸ்கான் செய்தல், கருக்குழாய்களுள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தல், சில வேளைகளில் மயக்கமருந்து கொடுத்து வயிற்றினுள் சிறு குழாய்க் கருவியைச் செலுத்தி நோக்குதல் என அவை விரிந்து செல்கின்றன. எளிய சோதனையை விட்டுக் கடிய சோதனையில் தொடங்குவது எந்த நியாயத்துக்குப் பொருந்தும்?

விந்துப் பரிசோதனையின் முடிவிலே சில எண்கள் காணப்படும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி, ஒரு மில்லிலீற்றரில் 160 இலட்சம் விந்தணுக்களும், அவற்றுள் 42 வீதம் அசைவுடையனவாயும் இருத்தல் கீழெல்லையாகக் கொள்ளப்படுகின்றது. இதனிற் குறைந்தால் பிள்ளையே இல்லை என்பது பொருளன்று. கூடினால் உறுதி என்பதும் அன்று. விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ எழுபது நாட்களுக்கு மேலாகின்றது. கடுங்காய்ச்சல் ஒன்று வந்துபோனாலும் அதன் விளைவு இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஆதலால் முதற்சோதனை திருப்தியற்றதாயின், மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்வர். புகைத்தலும் மிகுந்த மதுவும் மிகை உடற்பருமனும் விந்தணுக்களுக்குப் பகை. உடற்பயிற்சி நிலையங்களில் தசை பெருப்பதற்கென இளைஞர் ஏற்றிக்கொள்ளும் ஆண்பால் ஓமோன் ஊசியோ விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிட வல்லது. ஆண்மையைக் கூட்டுவதாக எண்ணி அவர்கள் ஏற்றிக்கொள்வது தந்தையாகும் வாய்ப்பைப் பறிக்கின்றது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் கதையை, அவருடைய இசைவுடன், அடையாளம் தோன்றாவண்ணம் இங்கு கூறுகின்றேன். இருபத்தொன்பது வயதில் மணமானவர் அவர். இரண்டாம் ஆண்டிலிருந்து அவருடைய விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கின. முதலில் கோயில் நேர்த்திகளுக்கு. பின்னர் நாட்டு மருந்துக்கு. அதன்பின் பட்டினத்து வைத்தியசாலைக்கு. ஈற்றில் இரவுப் புகையிரதமேறிக் கொழும்புக்கு. எக்ஸ்-கதிர்ப் படம் இருமுறை எடுத்தாயிற்று. வயிற்றினுட் குழாய் செலுத்தியும் பார்த்தாயிற்று. இவ்வாறு எட்டாண்டுகள் சென்றன. ஒருநாள் அவர் என்னிடம் கூறிய சொல் இன்றும் என் செவியில் நிற்கின்றது: "எனக்குச் செய்யாத சோதனை ஒன்றுமில்லை, ஐயா. அவருக்குச் செய்த சோதனையும் ஒன்றுமில்லை."

எட்டாம் ஆண்டில் வைத்திய நிபுணர் ஒருவர், இருவரும் சேர்ந்து வந்தாலன்றி இனி மருந்தெழுதுவதில்லை என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். கணவர் சென்றார். அரை நாளில் முடிவு வந்தது. விந்தணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதற்கும் வழியுண்டு, அவ்வழியையும் முயன்றனர். ஆனால் அதற்குள் மனைவிக்கு முப்பத்தேழு வயது கடந்துவிட்டது. சூலகத்தில் முட்டைகள் போதிய அளவு கிடைக்கவில்லை. இரு முயற்சிகளும் பயனளிக்கவில்லை. முதலாண்டில் அரை நாளிற் செய்திருக்கக்கூடிய ஒரு சோதனை எட்டாண்டு தாமதித்ததன் விலை அது.

அக்கணவர் கொடியவரல்லர். மனைவியை ஒருநாளும் கடிந்து பேசாதவர். அவர் அஞ்சினார், அவ்வளவே. தம் ஆண்மை பற்றிய தீர்ப்பொன்று ஆய்வுகூடத்துத் தாளில் எழுதப்பட்டுவிடும் என்பதே அவர் அச்சம். இந்த அச்சம் பொருளற்றது. விந்தணுக்களின் எண்ணிக்கைக்கும் ஆண்மைக்கும் தொடர்பில்லை. வலிய உடலும் நிறைந்த இல்லற வாழ்வும் உடையவருக்கும் இக்குறை இருக்கக்கூடும். கண்பார்வை குறைந்தால் கண்ணாடி அணிகின்றோம். அதனால் மனிதன் குறைந்துவிடுகின்றானா? அவருடைய தம்பிக்கு மணமாகி ஓராண்டு கழிந்தபோது, முதலிற் சோதனைக்குச் செல் என்று அவனை அனுப்பியவர் அவரே.

இனி, சிகிச்சை முறைகளைப் பார்ப்போம். எடுத்தவுடனே சோதனைக்குழாய் என்று எண்ணி மலைப்போர் பலர். பெரும்பாலானோர்க்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை. சூல்முட்டை முதிர்ந்து வெளிவராமையே காரணமாயின், அதனைத் தூண்டும் மாத்திரைகள் உண்டு. குளோமிபீன் என்னும் மாத்திரை 1960ஆம் ஆண்டுகள் முதல் வழக்கில் உள்ளது. பொலிசிஸ்டிக் ஓவரி என வைத்தியர் கூறும் சூலகக் கோளாறு உடையவர்க்கு, இப்போது லெட்ரசோல் என்னும் மாத்திரையையே முதலில் தருகின்றனர். உடற்பருமன் மிகுந்தவர்க்கு எடையைச் சிறிது குறைத்தாலே மாதவிடாய் ஒழுங்குபடுவதும் உண்டு. தைரொயிட் சுரப்பியின் குறையாயின் அதற்குரிய மாத்திரை போதும். விந்தணுக்களில் சிறிதளவு குறை காணப்படின், அவற்றைக் கழுவி, விரைந்து நீந்துவனவற்றைத் தேர்ந்து, உரிய நாளில் கருப்பையினுள் வைப்பது மற்றொரு முறை. இது சில நிமிட வேலையே.

கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டவர்க்கு முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் பாதையே இல்லை. அவர்களுக்காகவே சோதனைக்குழாய் முறை தோன்றியது. இங்கிலாந்தில் உடற்றொழிலியல் அறிஞர் றொபேட் எட்வேட்சும், வைத்தியர் பற்றிக் ஸ்ரெப்ரோவும், அவர்களுடன் உழைத்த தாதி ஜீன் பேடியும் பத்தாண்டுகளாக முயன்றனர். 1971இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவர்களுக்குப் பணவுதவி மறுத்தது. தோல்விகள் பலவற்றின் பின், 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி, ஓல்டம் நகர வைத்தியசாலையில் லூயிஸ் பிறவுண் என்னும் பெண்மகவு பிறந்தது. 2010இல் எட்வேட்சுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மற்றை இருவரும் உயிருடன் இல்லை.

அதே 1978ஆம் ஆண்டில், எழுபது நாள் கழித்து, ஒக்ரோபர் 3ஆம் திகதி, நம் அண்டை நாட்டின் கல்கத்தா நகரில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமானவர் வைத்தியர் சுபாஷ் முகர்ஜி. ஓமோன் ஊசியால் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளைப் பெற்றார். கருக்கட்டிய முளையத்தை உறையவைத்துப் பாதுகாத்து, பிறிதொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறைகள் இவை. ஆனால் அன்று அவரை நம்புவாரில்லை. அரசாங்கம் நியமித்த குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. வெளிநாட்டுச் சபைகளில் தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்க அவருக்கு இடமளிக்கப்படவில்லை. தொடர்பற்ற வேறு துறைக்கு மாற்றப்பட்டார். 1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் திகதி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்த ரி. சி. ஆனந்தகுமார் என்னும் விஞ்ஞானி, அவர் கூறியது உண்மையே என 1997இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். பிள்ளைப்பேறு பற்றிய மறைப்பும் கூச்சமும் நிறைந்த சமூகத்தில், அக்குழந்தையின் பெற்றோரும் முன்வந்து சாட்சி கூறத் தயங்கினர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். வெட்கம் நோயாளியை மட்டுமன்றி வைத்தியரையும் பலிகொள்ளும்.

ஆண்களின் குறைக்குப் பெரிய விடிவு 1992இல் வந்தது. பெல்ஜியத்தின் பிறசல்ஸ் நகரில் பலேர்மோ என்பாரும் அவருடன் உழைத்தோரும், ஒரேயொரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டையினுள் செலுத்திக் கருக்கட்டச் செய்யும் முறையை வெற்றியுடன் வெளியிட்டனர். இலட்சக்கணக்கில் விந்தணு வேண்டியிருந்த நிலை மாறி, ஒன்றே போதும் என்றாயிற்று. இம்முறைகளால் இதுவரை உலகிற் பிறந்த குழந்தைகள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர்.

ஆயினும் நேயர்களே, இதனை மந்திரமாக எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவின் கணக்குகளை நோக்கினால், கருப்பையில் வைக்கப்படும் முளையம் ஒன்று குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு, 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று; 43, 44 வயதில் இருபதில் ஒன்று. நம் நாட்டில் ஒரு முயற்சிக்குப் பல இலட்சம் ரூபா செலவாகின்றது. சென்னைக்குச் செல்வோருக்குப் பயணச்செலவும் தங்குமிடச் செலவும் மேலதிகம். காணியை ஈடுவைத்தும் தாலிக்கொடியை விற்றும் இதில் இறங்குவோரை நான் அறிவேன். இறங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவுண்டு. எங்கள் இருவரிடமும் கண்ட குறை யாது? இதனினும் எளிய முறை எங்களுக்குப் பொருந்தாதா? எங்கள் வயதுடையோருக்கு இங்கே குழந்தை பிறந்த விகிதம் என்ன? கருத்தரித்த விகிதம் வேறு. குழந்தை பிறந்த விகிதம் வேறு. முளையம் எத்தனை வைப்பீர்கள்? ஒன்றுக்கு மேல் வைத்தால் இரட்டைக் குழந்தைகளும் குறைமாதப் பிரசவமும் நேரக்கூடும். ஊசிகளால் சூலகம் அளவுக்கு மிஞ்சித் தூண்டப்படாமல் எவ்வாறு கண்காணிப்பீர்கள்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குச் சினவார். நூற்றுக்கு நூறு உறுதி கூறுபவர் எவராயினும், அவர் வைத்தியராயினும் சோதிடராயினும், அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

பணமில்லாதவர் என் செய்வது என்று கேட்பீர்கள். முதற்படிக்குப் பணம் வேண்டியதில்லை. கிராமந்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கின்றார். மருத்துவமாது என்று நம் ஊரார் அழைப்பவர் அவரே. மணமான தம்பதியரின் விபரங்கள் அவருடைய பதிவேட்டில் உள்ளன. பிள்ளை பிறந்த வீட்டுக்கு மட்டும் உரியவரல்லர் அவர். கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு வேண்டிய போலிக் அமில மாத்திரை பற்றியும், றுபெல்லாத் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேட்டறியலாம். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும், அங்கிருந்து அரசினர் வைத்தியசாலையின் மகப்பேற்று, பெண்நோயியல் வைத்திய நிபுணரையும் அடையலாம். மேலே கூறிய சோதனைகளிற் பலவும், மாத்திரைச் சிகிச்சையும் அங்கே கிடைப்பன. போகும்போது இருவராகப் போங்கள். மாதவிடாய் வந்த திகதிகளை ஆறு மாதத்துக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். முன்னர் செய்த சோதனைகளின் தாள்களை ஒரு கோவையிலிட்டுக் காத்துவையுங்கள். வைத்தியர் மாறுந்தோறும் அதே சோதனையை மீண்டும் செய்து பணத்தையும் காலத்தையும் இழப்போர் மிகப் பலர்.

எல்லா முயற்சிக்குப் பின்னரும் பிள்ளை வாய்க்காதோர் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும்போதே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளல் நன்று. சுவீகாரம் பெற விரும்புவோர்க்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழிசெய்கின்றது. நீதிமன்றத்தின் ஆணையுடன் பெறும் பிள்ளையே சட்டப்படி உங்கள் பிள்ளை. இடைத்தரகர் கையில் பணங்கொடுத்து, பொய்யான பிறப்புப் பதிவுடன் மகவைப் பெறுவது குற்றமாவதோடு, அப்பிள்ளையின் எதிர்காலத்துக்கும் கேடு. பிள்ளையின்றியே இருவரும் நிறைவாக வாழ்தலும் குறைபட்ட வாழ்வன்று. அவ்வாறு வாழ்ந்து, ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன்.

ஈற்றில், பெற்றோர்க்கும் உற்றார்க்கும் ஒரு வேண்டுகோள். நல்ல காரியங்களில் பிள்ளையில்லாத பெண்ணை ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. ஆரத்தி எடுக்க அவளை அழைப்பதில்லை; தொட்டிலைத் தொட விடுவதில்லை. அவள் செய்த குற்றம் யாது? மருமகளை இன்னொரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்று எண்ணும் மாமியார், முதலில் தம் மகனை அழைத்துப் பேசட்டும். தாயின் சொல்லை மகன் தட்டுவது அரிது. 'இருவரும் சேர்ந்து போய்வாருங்கள்' என்று ஒரு தாய் சொன்னால், அச்சொல் பல ஆண்டுகளை மீட்டுத் தரும்.

வயது முப்பதாயினும் நாற்பதாயினும், இக்குறையுடன் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிக்கு நான் கூறுவது இதுவே: குற்றம் உங்களுடையது என்று யாரும் தீர்ப்புக் கூற இடங்கொடாதீர்கள். சகோதரனுக்கு நான் கூறுவது: வரும் வாரத்தில் ஒருநாள் விடுப்பு எடுங்கள்.